முத்திரை குத்திய இறைச்சியிலிருந்து நாடாப்புழு வந்தது எப்படி?

எத்தியோப்பியாவில் 3 ஆண்டுகள் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பிய தம் அண்ணனைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அண்ணனின் உள்ளாடையில் வெள்ளை நாடாத் துண்டு ஒன்று நெளிந்து கிடந்திருக்கிறது. மருத்துவர் அதை மாட்டு நாடாப்புழு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அங்கே நண்பர்களோடு சேர்ந்து பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டது உண்மைதான் என்றாலும், அது நகர இறைச்சிக் கூடத்தில் ஆய்வு செய்து முத்திரை குத்திய இறைச்சி என்று அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் ஆய்வாளர் எதைத்தான் பார்த்தார், இந்தப் புழு மூளைக்கு ஏறுமா, வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டுமா என்பவை கேள்விகள். இறைச்சி ஆய்வைக் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூளை பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும். மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் முட்டை. மாட்டு நாடாப்புழுவான டீனியா சாஜினேட்டாவின் முட்டை மனித வயிற்றுக்குள் போனாலும் அங்கே கட்டியாக வளர்வதில்லை. அந்த முட்டை வளர்வதற்கு மாடோ எருமையோ வேண்டும். வளர்ந்த புழு வாழ்வதற்கு மனிதக் குடல் வேண்டும். ஆகவே உங்கள் அண்ணனிடமிருந்து குழந்தைகளுக்கு இது நேராகத் தொற்றாது. ஆனால் புழு எந்த வகை என்பதைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால்தான் இந்த ஆறுதலுக்குப் பொருள் உண்டு. மலப் பரிசோதனையில் தெரியும் முட்டைகளை வைத்து இரண்டு வகைகளையும் பிரித்தறிய முடியாது. நுண்ணோக்கியில் அவை ஒன்றுபோலவே இருக்கும். வெளியே வந்த துண்டை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, அதற்குள் இருக்கும் புழுவின் கருப்பையில் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கமாகப் பிரியும் கிளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மாட்டுப் புழுவில் அவை பெரும்பாலும் 15க்கு மேல் இருக்கும், பன்றிப் புழுவில் 13ஐத் தாண்டுவது அரிது. மலத்தோடு வராமல் தானாகவே ஆசனவாய் வழியாக ஊர்ந்து வெளியேறுவது மாட்டுப் புழுவின் வழக்கம். போதாக்குறைக்கு எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் சரி, முஸ்லிம்களும் சரி, பன்றி இறைச்சி உண்பதில்லை. எல்லாச் சான்றுகளும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. என்றாலும் துண்டு கைவசம் இருந்தால் ஆய்வகத்தில் காட்டிவிடுவது நல்லது.

இனி இந்தப் புழுவின் பயணம். மனிதக் குடலில் 4 முதல் 12 மீட்டர் வரை நீண்டு கிடக்கும் புழுவில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் கண்டங்கள், அதாவது சங்கிலிபோல் கோத்த துண்டுகள், இருக்கும். வால் பக்கத்தில் முதிர்ந்த கண்டங்கள் நாள்தோறும் சில கழன்று வெளியேறுகின்றன. ஒரு கண்டத்துக்குள் 80,000 முதல் 1 லட்சம் முட்டைகள் வரை இருக்கும் என்றால், திறந்த வெளியில் வெளிக்குப் போகும் ஒரே ஒரு மனிதர் ஒரு நாளில் எத்தனை லட்சம் முட்டைகளை மேய்ச்சல் நிலத்தில் விட்டுச் செல்கிறார் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஈரமான புல்லில் அவை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். புல்லோடு முட்டையை மாடு விழுங்கியதும், உள்ளிருந்து 6 நுண்கொக்கிகள் கொண்ட கரு வெளிவந்து, குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு போய்த் தசைகளில் தங்குகிறது. ஏறத்தாழ 10 முதல் 12 வாரங்களில் அது மனிதனைத் தொற்றும் பக்குவத்தை அடைந்த புழுக்கட்டியாகிவிடும். மாட்டுக்கோ ஒன்றுமே தெரியாது. தீனி தின்னும், அசை போடும், பால் கறக்கும்; உயிரோடிருக்கும் மாட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவராலும் இயலாது.

மாட்டுக்கும் இந்தப் புழுவுக்குமான தொடர்பு தெளிவானது 19ஆம் நூற்றாண்டில்தான். 1861ஆம் ஆண்டு ஜெர்மானிய விலங்கியலாளர் ருடால்ஃப் லாய்க்கார்ட் முதிர்ந்த கண்டங்களைக் கன்றுக்கு ஊட்டி, அதன் தசையில் கட்டிகள் உண்டாவதைக் காட்டினார். புழுக்கட்டி உள்ள மாட்டிறைச்சியை உண்டவருக்கே குடலில் புழு வருகிறது என்ற மறுபாதியை 1869ஆம் ஆண்டு வாக்கில் நிறுவிய ஜே. எச். ஆலிவர், இந்தியாவில், பஞ்சாபின் ஜலந்தரில் பணியாற்றிய மருத்துவ அதிகாரி. நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்த இந்தக் கண்டுபிடிப்பை நம் மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அந்த அறிவின் மேல்தான் இறைச்சி ஆய்வு என்ற துறை எழுந்தது. ஜெர்மனி 1900ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமான இறைச்சி ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. ராபர்ட் ஃபான் ஓஸ்டர்டாக் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த முறைகளே சிற்சில மாற்றங்களோடு இன்றும் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகின்றன. மாட்டின் உடலில் புழுக்கட்டி அதிகம் தங்குவதாகக் கருதப்படும் இடங்கள் ஓயாமல் உழைக்கும் தசைகள்: மெல்லும் கன்னத்தசை, நாக்கு, இதயம், உதரவிதானம். ஆப்பிரிக்க நாடுகளில் முன்னங்காலின் முழங்கைக்கு மேலுள்ள தசையையும் அறுத்துப் பார்ப்பார்கள். அங்கு அந்த இடத்தில்தான் கட்டிகள் அதிகமாக அகப்படுகின்றன என்பது அனுபவம்.

அந்த வெட்டு எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சொன்னால்தான், ஆய்வாளர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்க முடியாமல் போயிற்று என்பது விளங்கும். தோலுரித்த தலை கொக்கியில் தொங்கும். இடது கையிலுள்ள சிறு கொக்கியால் கன்னத்தசையின் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாடை எலும்புக்கு இணையாகக் கத்தியை ஒரே இழுப்பில் செலுத்தி, தசையை ஏடு பிரிப்பதைப் போல விரிக்க வேண்டும். வெளிப்புறத் தசையில் இப்படி இரண்டு வெட்டுகள், உட்புறத் தசையில் ஒன்று. கத்தி மழுங்கியிருந்தாலோ, அறுத்து அறுத்து ஓட்டினாலோ வெட்டு முகம் கந்தலாகி, அதில் எது கட்டி எது கொழுப்பு என்றே தெரியாது. புதிய மாணவர்கள் கொழுப்புத் திட்டையோ நரம்பின் அறுந்த முனையையோ காட்டி, “சார், இதுவா?” என்பார்கள். உண்மையான கட்டியை ஒரு முறை பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் நீங்கிவிடும். ஊறிய சவ்வரிசியைப் போலப் பாதி ஒளி ஊடுருவுகிற, சற்றே நீண்ட உருண்டை. தசைநார்களுக்கு இடையே அவற்றின் போக்கிலேயே படுத்திருக்கும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. உள்ளே ஒரு பக்கமாகக் குண்டூசித் தலையளவு வெண்புள்ளி. விரலால் மெல்ல அழுத்தினால் அந்தப் புள்ளி பிதுங்கி வெளியே வரும். அதுதான் நாளைய புழுவின் தலை. நுண்ணோக்கியில் வைத்தால் 4 உறிஞ்சிகள் தெரியும், கொக்கி ஒன்றுகூட இருக்காது. பன்றிப் புழுவின் தலையில் கொக்கி வட்டம் உண்டு.

இப்போது உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரு மூட்டை அரிசியில் நான்கைந்து கற்கள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைப் பிரித்து, நான்கு இடங்களில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து முறத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, கல் இல்லை என்று சொல்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, வேலையில் குறையும் வைக்கவில்லை. ஆனாலும் உலையில் கல் விழத்தான் செய்யும். நூறு கிலோவைத் தாண்டும் மாட்டு இறைச்சியில் ஆய்வாளர் கத்தி படுவது சில நூறு கிராம் தசையில் மட்டும்தான். பெரும்பாலான மாடுகளில் தொற்று லேசானது. உடல் முழுவதிலும் சேர்த்தே சில கட்டிகள்தான் இருக்கும். அவை தொடையிலோ முதுகிலோ இருந்தால் கன்னத்தசையை எத்தனை நேர்மையாக அறுத்தாலும் அகப்படாது. பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், வழக்கமான இறைச்சி ஆய்வு கண்டுபிடித்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான மாடுகளில் உயிருள்ள கட்டிகளின் தடயம் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. வசதிகளுக்கும் பயிற்சிக்கும் குறைவில்லாத நாட்டின் நிலையே இதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டி இறந்து, சீழ்போலாகி, பின்பு சுண்ணாம்பு படிந்து கெட்டியாகும்போது வெட்டு முகத்தில் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் பளிச்சென்று தெரியும், கத்தி நறநறக்கும். இதயத்தில் உள்ளவை விரைவில் இறந்துவிடுவதால் அங்கே அவற்றை எளிதில் காணலாம். உயிரோடிருக்கும் இளங்கட்டியோ நீர்த்துளி போலத் தசையின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். அதாவது யாருக்கும் தீங்கு செய்ய முடியாத கட்டி கண்ணில் படுகிறது, தொற்றக்கூடியது தப்பிவிடுகிறது. இருந்தாலும் இறந்த கட்டியைக் கண்டால் ஆய்வாளர் அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஓரிடத்தில் இறந்தது இருந்தால் வேறிடத்தில் உயிருள்ளது இருக்க வாய்ப்புண்டு என்பதற்கு அதுவே அறிவிப்பு.

நேரமும் ஒரு காரணம். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் இறைச்சிக் கூட விதிகள், ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும் ஒரு நாளில் 96 விலங்குகளுக்கு மேலும் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. ஒரு விலங்குக்கு 5 நிமிடம். அறுப்பதற்கு முந்தைய பரிசோதனைக்கான அந்த வரம்பை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் கண்ணுக்கும் கைக்கும் களைப்பு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. அறுத்த பிறகான ஆய்வுக்கும் அதே நிதானம் வேண்டும். விடியற்காலையில் மங்கலான விளக்கொளியில், வண்டி காத்துக்கொண்டிருக்க, பத்துப் பேர் தோளில் தூக்கிப் போகும் இறைச்சியை ஓட்டமாகப் பார்க்கும் ஆய்வில் புழுக்கட்டி அகப்படுவது அரிது. வெட்டு அதிகமானால் இறைச்சியின் விலை குறைகிறது என்று வியாபாரி முகம் சுளிப்பதையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். அவரையும் முழுவதும் குறை சொல்ல முடியாது. கத்தி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகும்போது குடல் கிருமிகளையும் சுமந்து செல்லும் என்பதால், ஒவ்வொரு தலைக்கும் இடையில் அதைக் கொதிநீரில் முக்கியாக வேண்டும்.

கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் கட்டிகள் நிறைந்திருந்தால் இறைச்சி முழுவதையும் அழித்துவிட வேண்டும். லேசான தொற்று என்றால் கட்டியுள்ள பகுதியை நீக்கிவிட்டு, மீதியை மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் 10 நாளுக்குக் குறையாமல் உறையவைத்தால் மிச்சமுள்ள கட்டிகளும் இறந்துவிடும், பிறகு விற்கலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் அவ்வளவு பெரிய குளிர் அறையும் தடையில்லாத மின்சாரமும் இல்லாத ஊரில் இந்த விதி தாளில்தான் இருக்கும்.

எத்தியோப்பியாவின் நிலை இதைவிடக் கடினமானது. 6 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் உள்ள அந்த நாட்டில், பச்சை இறைச்சி ஏழ்மையால் உண்ணும் உணவல்ல, விருந்தின் அடையாளம். பொடியாகக் கொத்திய பச்சை இறைச்சியில் மசாலா போட்டு உருக்கிய வெண்ணெயையும் மிட்மிடா என்ற மிளகாய்ப் பொடியையும் கலந்தால் கிட்ஃபோ. துண்டாகவே கத்தியால் அறுத்துத் தின்றால் தெரே சிகா. 55 நாள் பெருநோன்பு முடிந்து ஃபாசிகா என்ற உயிர்ப்புப் பெருநாள் வரும்போது, அக்கம்பக்கத்தார் பணம் போட்டு ஒரு காளையை வாங்கி, முற்றத்திலேயே அறுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். கிர்ச்சா என்று பெயர் கொண்ட அந்தப் பங்கு இறைச்சி எந்த ஆய்வாளரின் கத்தியையும் காண்பதில்லை. உங்கள் அண்ணன் உண்டது அத்தனையும் முத்திரை இறைச்சிதானா, பெருநாள் விருந்துக்கு யார் வீட்டுக்காவது போனாரா என்று கேட்டுப் பாருங்கள். மிளகாயோ எலுமிச்சைச் சாறோ வெண்ணெயின் இளஞ்சூடோ புழுக்கட்டியைக் கொல்லாது. இறைச்சியின் உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டி, சிவப்பு மாறி, வடியும் சாறு தெளிவாகும் வரை வேக வேண்டும்.

அந்த மக்கள் இந்தப் புழுவை நன்றாக அறிந்தவர்கள். கோசோ என்று ஒரு மலைமரம். அதன் பெண்பூங்கொத்தை உலர்த்தி இடித்து நீரில் கரைத்துக் குடித்துப் புழுவை வெளியேற்றுவது தலைமுறை தலைமுறையாக வந்த வைத்தியம். அம்ஹாரிக் மொழியில் புழுவுக்கும் மரத்துக்கும் ஒரே பெயர்தான். 18ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் இதைப் பதிவு செய்தார். பின்னர் அந்தப் பூ ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் வேகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அளவு மிஞ்சினால் கண் பார்வையையே பாதிக்கக்கூடியது அது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மருந்தைக் குடித்தவர் காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தால், மீட்டர் கணக்கான புழுவும் அதிலுள்ள கோடிக்கணக்கான முட்டைகளும் மாடு மேயும் இடத்திலேயே விழுகின்றன. ஒருவர் குணமாகும் அதே நாளில் ஒரு மந்தைக்கு நோய் விதைக்கப்படுகிறது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. இது மாட்டு நோய் என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், மாட்டுக்கு மாடு இது பரவுவதே இல்லை. கறியில் உள்ள ஒவ்வொரு கட்டிக்கும் பின்னால் கழிப்பறை இல்லாத, அல்லது இருந்தும் கழிவு மேய்ச்சல் நிலத்துக்கு வந்து சேர்கிற ஒரு மனிதர் இருக்கிறார். ஐரோப்பாவில் எல்லா வீட்டிலும் கழிப்பறை இருந்தும் இந்தப் புழு முற்றாக ஒழியவில்லை. அங்கே கழிவுநீர்ச் சேற்றை வயலுக்கு உரமாக இடுவதும், வெள்ளக் காலத்தில் ஆற்று நீர் புல்வெளியில் ஏறுவதும் வழியாகின்றன. ஒரு பண்ணையிலிருந்து வந்த மாடுகளில் பலவற்றில் ஒரே நேரத்தில் கட்டிகள் கிடைத்தால், தீவனம் கையாளும் ஆட்களில் ஒருவருக்குப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தகவலைத் தருவதுதான் என் கணிப்பில் இறைச்சி ஆய்வின் தலையாய பயன். கட்டி கண்ட ஆய்வாளர் இறைச்சியை ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால் பாதி வேலைதான் நடந்தது. எந்த ஊர் மாடு என்று குறித்து, அந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, அங்குள்ள மனிதர்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தால்தான் முழு வேலை. பல நாடுகளில் கால்நடைத் துறையும் மனித மருத்துவத் துறையும் வெவ்வேறு கட்டடங்களில் வெவ்வேறு பதிவேடுகளோடு இருப்பதால் அந்தக் குறிப்பு எங்கோ நின்றுவிடுகிறது.

தடுப்பூசி இல்லையா என்று கேட்கலாம். மாடுகளுக்குச் சோதனை அளவில் மிகச் சிறப்பாக வேலை செய்த தடுப்பூசி உண்டு, ஆனால் சந்தைக்கு வரவில்லை. நோயால் மாட்டின் எடையோ பாலோ குறையாதபோது எந்த விவசாயி காசு கொடுத்து ஊசி போடுவார்? மூளை நோய் வரை கொண்டுபோகும் பன்றிப் புழுவுக்கு எதிரான தடுப்பூசி மட்டும் பன்றிகளுக்கென்று உற்பத்தியாகிறது. அதைத் தயாரிப்பது ஹைதராபாத் நிறுவனம் ஒன்று என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

உங்கள் அண்ணனுக்கு வருவோம். பிராசிகுவான்டெல் உடல் எடைக்கேற்ப ஒரே வேளை, அல்லது நிக்ளோசமைடு ஒரே வேளை என்பது வழக்கமான மருத்துவம். எது, எவ்வளவு என்பதை அவரைப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லட்டும், ஏனென்றால் மூளையில் பன்றிப் புழுவின் கட்டி இருப்பவருக்கு பிராசிகுவான்டெல் வலிப்பைத் தூண்டக்கூடும். மருந்து சாப்பிட்ட மறுநாள் துண்டு துண்டாகப் போனதைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. தலை மட்டும் குடலில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 3 மாதத்தில் புழு மீண்டும் வளர்ந்து துண்டுகளை விடத் தொடங்கும். எனவே ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் 3 மாதம் கழித்து ஒரு முறையும் மலப் பரிசோதனை செய்துகொள்வது முறை. அதுவரை கழிப்பறையையே பயன்படுத்த வேண்டும். ஊரில் மாடு வைத்திருந்தால் தொழுவத்துப் பக்கமோ வயலிலோ வெளிக்குப் போகவே கூடாது. இனி ஒரு துண்டு வந்தால் கையால் தொடாமல் உப்பு நீர் உள்ள புட்டியில் போட்டு மூடி, ஆய்வகத்துக்கு எடுத்துப் போகட்டும். அங்கே அவரோடு ஒரே தட்டில் கிட்ஃபோ உண்ட நண்பர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்களிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வயிற்றில் புழு இருப்பது பல ஆண்டுகள் தெரியாமலே போகலாம், அத்தனை ஆண்டுகளும் முட்டைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும்.